முதியோர் இல்லத்துக் களஞ்சியம்



அப்போஸ்தலர் நடபடி ஆகமம் 6-ம் அதிகாரத்தை வாசித்திருப்பீர்கள். திருச்சபை பிறந்து அதிக காலமாகவில்லை; அதற்குள் ஒரு முறைப்பாடு எழும்பிற்று. விசுவாசத்தைப் பற்றியா? அல்ல, சோற்றைப் பற்றி. கிரேக்க பாஷை பேசிய விதவைகளுக்குத் தினந்தோறும் சேரவேண்டிய பங்கு சேரவில்லை என்றார்கள். அப்போஸ்தலர்கள் அதை அற்ப காரியமென்று தள்ளவில்லை. நற்பெயருள்ள ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் செய்து, கைகளை வைத்து ஜெபித்து, அந்த வேலையை ஒப்புவித்தார்கள். முதல் வேதசாட்சியான அர்ச். முடியப்பர் அவர்களில் ஒருவர். தினந்தோறும் என்ற வார்த்தையைக் கவனியுங்கள்.

நம் பக்கத்து முதியோர் இல்லங்களில் நடப்பதென்ன? தீபாவளி போனஸ் கைக்கு வந்த வாரம், கிறிஸ்துமஸ், பிள்ளையின் பிறந்தநாள், பெரியவர்களின் நினைவுநாள் என்றால் ஒரே மத்தியானத்தில் மூன்று வீட்டுச் சாப்பாடு வந்துவிடும். பிரியாணி, லட்டு, ஜாங்கிரி! சர்க்கரை வியாதிக்காரர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பல்லில்லாத பாட்டிக்கு எண்ணெய்ப் பரோட்டா வாங்கிப் போகிறவர்களும் உண்டு. மனசு நல்ல மனசுதான், என்ன சொல்ல! தீபாவளி கழிந்து பட்டாசு ஆலைகள் சில வாரம் மூடிக்கிடக்கும்போது நம் வீடுகளில் கூலியில்லை, இல்லத்து வாசலில் ஆளில்லை. வயிறும் மூடிக்கிடக்குமா?

அங்கே இருக்கிறவர்கள் யாரோ எவரோ அல்ல. 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் ஒரே வெடிவிபத்தில் 30-க்கு மேற்பட்டோர் மாண்டதை மறந்திருக்கமாட்டீர்கள். சம்பாதிக்கிற மகனை இப்படிப் பறிகொடுத்த தாய்க்கு முதுமையில் சோறு போடுவது யார்?

பிரான்சு தேசத்தில் அர்ச். ழான் ஜுகான் என்றொரு ஏழை வேலைக்காரப் பெண் இருந்தாள். 1839-ம் வருஷக் குளிர்காலத்தில், பார்வையற்ற ஒரு கிழவியைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து, தன் கட்டிலையே கொடுத்துவிட்டு, தான் பரணில் படுத்தாள். கிழவிகள் பெருகினார்கள். அதுவரை அவர்கள் தெருவில் பிச்சையெடுத்துப் பிழைத்தவர்கள். ழான் என்ன செய்தாள் தெரியுமா? அவர்களுக்குத் தர்மம் செய்துவந்த வீடுகள் எவையென்று கேட்டறிந்து, அவர்களுக்குப் பதிலாகத் தானே கூடையைத் தூக்கிக்கொண்டு அந்த வாசல்களில் போய் நின்றாள். ரொட்டி, பழந்துணி, விறகு, எது கொடுத்தாலும் வாங்கினாள். இப்படிப் பிறந்ததுதான் ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை. 1882-ல் கல்கத்தாவுக்கும் வந்தது. 2009 அக்டோபர் 11-ந் தேதி பாப்பானவர் 16-ம் ஆசீர்வாதப்பர் அவளை அர்ச்சியசிஷ்டவளாகப் பிரகடனம் செய்தார்.

வயதானவர்களுக்குக் கொஞ்சம் சாப்பிட்டால் போதும் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அது சரியல்ல. பசியும் தாகமும் மட்டுப்படும். உடம்பின் தேவை அந்த அளவுக்கு மட்டுப்படாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் சொன்ன கணக்குப்படி, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தினமும் வேண்டும். 50 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 41 கிராம். வெறும் ரசஞ்சோற்றில் அது வருமா? 100 கிராம் துவரம்பருப்பில் சுமார் 22 கிராம் உண்டு. ஒரு முட்டையில் 6 கிராம்.

பருப்புக்கும் எண்ணெய்க்கும் வத்தலுக்கும் விலைபேசுகிற விருதுநகர்ச் சீமையில் இருந்துகொண்டு பருப்புக்குப் பஞ்சம் என்று சொல்ல நமக்கு வாய் வருமா? 40 பேர் உள்ள இல்லத்துக்கு, ஆளுக்கு 50 கிராம் வைத்தால் நாளொன்றுக்கு 2 கிலோ, மாதம் 60 கிலோ. நம் பாட்டிமார் உலை வைக்குமுன் பிடியரிசி எடுத்துவைத்தார்களே, அதைப்போல 40 குடும்பங்கள் தினம் ஒரு பிடி பருப்பு எடுத்துவைத்தால் கணக்கு முடிந்தது. கூலியில்லாத வாரத்திலும் ஒரு பிடி பெரிய சுமையல்ல. வின்சென்ட் தே பவுல் சபையார் ஞாயிறு பூசைக்குப்பின் வாங்கிச் சேர்க்கலாம்.

சாப்பாடு மாத்திரமல்ல. குளியல் சோப்பு, தேங்காயெண்ணெய், படுக்கை விரிப்பு, கேஸ் சிலிண்டர், படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்கு டயபர். கடைசியாய்ச் சொன்னதை ஒருவரும் கொண்டுபோவதில்லை. கடையில் கேட்கக் கூச்சம்! அது இல்லாத இராத்திரியில் அந்தப் பெரியவர் படுகிற கூச்சம் எவ்வளவு?

ஆகையால் இந்த வாரம் போகிறவர்கள் பொட்டலம் கட்டுமுன் இல்லத்துக்குப் போன் செய்து, சமைக்கிற அம்மாவிடம் எது தீர்ந்துபோயிற்று, எந்த நாளில் யாரும் வருவதில்லை என்று கேளுங்கள். டயபர் வாங்குவதானால் அளவையும் கேட்டுக்கொள்ளுங்கள்.