கடனும் மரண சாசனமும்

 

காலையில் 'பிஸ்மில்லாஹ்' சொல்லிக் கடை திறக்கிறோம். இரவு கல்லாவை எண்ணி 'அல்ஹம்துலில்லாஹ்' என்று பூட்டுகிறோம். ஆனால், நமக்குப் பின் இந்தக் கடை என்ன ஆகும் என்று யாராவது கேட்டால், "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லிவிடுகிறோம். அவன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான், அதில் ஐயமில்லை. நாம் எழுதி வைத்தோமா, இல்லையா என்பதையும் சேர்த்தே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

திருக்குர்ஆனில் மிக நீளமான ஆயத்து தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதுமன்று. அது கொடுக்கல் வாங்கலைப் பற்றியது. சூரத்துல் பகராவின் 282-ஆம் ஆயத்து. தவணைக் கடனை எழுதிக்கொள்ளுமாறும், சாட்சி வைக்குமாறும், தொகை சிறிதாயினும் எழுதச் சலிக்க வேண்டாமென்றும் அங்கே நமக்குக் கட்டளை இருக்கிறது. எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும், எழுத மறுக்கக் கூடாது என்றும் இருக்கிறது.

அந்த எழுத்தர் இன்று யார்? மாடிப்படி ஏறினால் ஒரு சிறு அறையில், ஒரு கிராணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அந்த வக்கீல்தான். மரண சாசனம், கூட்டு வியாபாரப் பத்திரம், வரி வழக்கு, திவால் மனு எல்லாம் அவர் மேஜைக்கே வருகின்றன. ஆனால் நாம் எப்போது அவரிடம் போகிறோம்? கோர்ட்டு சம்மன் கைக்கு வந்த பிறகு! வெள்ளம் வருமுன் அணை போட வேண்டுமென்பதை நாம் அறியாதவர்களா?

ஓர் உதாரணம் கொள்வோம். அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஜவுளிக்கடை வைக்கிறார்கள். கடை பதிவு அண்ணன் பேரில். தம்பி போட்ட முதல் பேரேட்டிலும் இல்லை, பத்திரத்திலும் இல்லை. இருவர் நெஞ்சில் மட்டும் இருக்கிறது. ஒருநாள் அண்ணன் திடீரென்று மவுத்தாகிவிடுகிறார். கணக்கிருந்த ஒரு நெஞ்சு மண்ணுக்குள் போய்விட்டது. ஊரிலிருக்கும் மனைவி மக்கள், "கடை முழுதும் எங்களுடையது" என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரியாது. தம்பி, "பாதி என்னுடையது" என்கிறார். அவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதமில்லை. பொய் சொல்லாத இரு சாராரும் தீராப் பகைவராகிறார்கள். நல்லவரான அந்த அண்ணன் எத்தனை முறை தொழுதாரென்று அங்கே யாரும் பேசுவதில்லை. அவர் எழுதாமல் விட்டதே பேச்சாகிறது.

வஸிய்யத் செய்யவேண்டிய பொருள் வைத்திருக்கும் முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள்கூடக் கழிக்க வேண்டாமென்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. நாம் இருபது வருஷங்களைக் கழித்துவிட்டோமே!

மய்யித்தின் பொருளில் முறை இதுதான். முதலில் அடக்கச் செலவு. அடுத்து கடன், மனைவிக்குக் கொடுபடாத மஹரும் கடனே என்பதை மறக்கக் கூடாது. அதன் பின் வஸிய்யத். அது மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல், வாரிசு அல்லாதவர்க்கு. மிஞ்சியதே வாரிசுகளுக்கு. அடக்கச் செலவு போக 1,20,000 வெள்ளி விட்டுச் செல்கிறவருக்கு 40,000 கடன் இருந்து, வஸிய்யத் இல்லாவிட்டால், பங்குக்கு வருவது 80,000. பெற்றோர் உயிரோடில்லாமல், மனைவியும் இரு மகன்களும் ஒரு மகளும் இருந்தால், மனைவிக்கு எட்டில் ஒன்று 10,000, மகன்களுக்குத் தலா 28,000, மகளுக்கு 14,000. கடன் எவ்வளவென்று எழுதாவிட்டால் இந்தக் கணக்கில் முதல் வரியையே போட முடியாது.

சிங்கப்பூரில் 1966-இல் இயற்றப்பட்ட முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம் ஷரீஅத் பங்கீட்டை ஏற்றுக்கொள்கிறது. பங்கு விவரச் சான்றிதழை ஷரீஅத் கோர்ட்டு தருகிறது. ஆஸ்தியைக் கையாளும் அதிகாரத்தையோ சிவில் கோர்ட்டில் பெறவேண்டும். இரண்டு வாசலும் ஏறி இறங்க வேண்டியவள் நம் விதவை. நிர்வாகி இன்னாரென்று நாம் எழுதி வைத்தால் அவள் பாரம் பாதி குறையும்.

இனித் திவாலைப் பற்றி ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் 15,000 வெள்ளியும், மலேசியாவில் 1,00,000 ரிங்கிட்டும் கடன் நின்றாலே திவால் மனு போட வழியுண்டு. திவாலானவர் அனுமதியின்றி நாட்டை விட்டுப் போக முடியாது. ஊரில் தாயார் ஸக்ராத்தில் கிடந்தாலும் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். தனி ஆள் கடையில் கடையின் கடன் முதலாளியின் கடனே. நகையும் தப்பாது. ஆனால் இரு நாடுகளிலும், நிலைமை முற்றுமுன் கடன்காரர்களோடு தவணை ஏற்பாடு செய்துகொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. வெட்கப்பட்டு மறைப்பவருக்கே அந்த வழி அடைபடுகிறது.

கொடுத்தவர்களுக்கும் கடமை உண்டு. நெருக்கடியில் இருப்பவனுக்கு அவகாசம் கொடுக்கும்படி 280-ஆம் ஆயத்து நமக்குச் சொல்கிறது. அதேபோல், கோர்ட்டு விடுதலை கொடுத்துவிட்டதென்று கடனை மறந்துவிடவும் கூடாது. வசதி வந்தபின் திருப்பிக் கொடுக்க வேண்டும். இன்றேல் உரியவரிடம் ஹலாலாக்கிக்கொள்ள வேண்டும். கடனோடு வந்த ஒரு ஜனாஸாவுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் தாம் தொழவைக்காது நின்றதும், அபூ கத்தாதா (ரலி) அக்கடனைப் பொறுப்பேற்ற பின்னரே தொழுததும் நாம் அறிந்ததே.

வரிக்கென்று ஒரு பேரேடு, நமக்கென்று ஒரு பேரேடு என வைப்போர் சிந்திக்க வேண்டும். கணக்குப் புத்தகங்களைச் சிங்கப்பூரில் 5 வருஷமும் மலேசியாவில் 7 வருஷமும் காக்கவேண்டுமென்பது சட்டம். கிராமன் காத்திபீன் எழுதும் ஏட்டுக்குத் தவணை இல்லை.

ஆகவே சகோதரர்களே! வருகிற ஜும்ஆவுக்குள் ஒரு காகிதம் எடுப்போம். யாருக்குக் கொடுக்க வேண்டும், யாரிடம் வர வேண்டும், கூட்டு யார், முதல் எவ்வளவு என்று எழுதுவோம். அதை ஆலிமிடம் காட்டி, வக்கீலிடம் கொடுத்து, முறையான பத்திரமாக்குவோம். வக்கீலுக்குக் கொடுக்கும் கூலி, பின்னால் பிள்ளைகள் கோர்ட்டுக்குக் கொட்டுவதில் ஒரு துளி.

வல்ல நாயன் நம்மைக் கடனற்றவர்களாகவும், நம் பிள்ளைகளை ஒற்றுமையுடையவர்களாகவும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.