கேட்ட ஏலமும் கொடுத்த வாக்கும்

ஓம் நமசிவாய.



இந்த மாதம் வாய்மை பற்றிப் பேசுவோம். வாய்மை என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது அரிச்சந்திரன் கதைதான். நாடு போச்சு, மனைவியையும் பிள்ளையையும் விற்றார், கடைசியில் தன்னையே விற்றுச் சுடுகாட்டுக் காவலுக்கு நின்றார். அதைக் கேட்டுவிட்டு, "அவர் ராஜா, அது அந்தக் காலம், நமக்கெல்லாம் அந்த மாதிரி சோதனை எங்கே வரப்போகுது" என்று எழுந்து போய்விடுகிறோம். ஆனால் சோதனை வருகிறது. நம் சட்டைப்பையில் இருக்கிற கைத்தொலைபேசியிலேயே வருகிறது. அதனால் இன்று இணைய ஏலத்தை வைத்து வாய்மையைப் பார்ப்போம்.

நம்ம பிள்ளைகள் நிறைய பேர் இப்போது முகநூல் குழுக்களில் ஏலம் கேட்கிறார்கள். ஹாட் வீல்ஸ் கார், பழைய நாணயம், காற்பந்து ஜெர்சி, காலணி, சண்டை மீன் என்று எல்லாமே ஏலத்துக்கு வருகிறது. "இரவு 10 மணிக்கு முடியும், கடைசியாகக் கேட்டவருக்கே பொருள்" என்று விற்பவர் போடுவார். 9.55க்கு மேல்தான் சூடு பிடிக்கும். ஒருத்தர் 80 என்பார், இன்னொருத்தர் 90 என்பார், நம் விரல் சும்மா இருக்காது, 120 என்று தட்டிவிடும். ஜெயித்துவிடுவோம். விற்பவர் வாழ்த்துச் சொல்லி வங்கிக் கணக்கு எண்ணை அனுப்புவார். அதற்கப்புறம்தான் சிலர் காணாமல் போகிறார்கள். முதல் நாள் பதில் இல்லை. இரண்டாம் நாள் செய்தியைப் படித்த அடையாளம் மட்டும் தெரியும். மூன்றாம் நாள் விற்பவரையே பிளாக் செய்துவிடுவார்கள்.

கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கும்: "நான் அவர் காசை எடுக்கலையே, பொருளையும் வாங்கலையே. அப்புறம் என்ன பாவம்?"

இந்தக் கேள்வியை நாம் ஒதுக்கிவிடக் கூடாது. நியாயமான கேள்வி மாதிரிதான் தெரிகிறது. பதிலைத் தேடுவோம்.

என்னோடு படிக்கிற நண்பர் ஒருவர் வீட்டில் சண்டை மீன் வளர்க்கிறார். பருவக் கட்டணத்துக்குக் கொஞ்சம் கை கொடுக்கும் என்று வார இறுதியில் ஏலம் விடுவார். ஒரு தடவை ஒரு மீன் 20 வெள்ளியில் தொடங்கி 150 வரை போனது. 140 வரை கேட்டவர் தோற்றுப்போய், அன்று இரவே வேறு ஒருவரிடம் மீன் வாங்கிவிட்டார். 150க்குக் கேட்டவர் மாயமாகிவிட்டார். நண்பர் ஒரு வாரம் காத்திருந்தார். தண்ணீர் மாற்றினார், தீனி போட்டார், அனுப்புவதற்கு வாங்கிய பையும் பெட்டியும் மூலையில் கிடந்தன. மறுபடி ஏலம் விட்டபோது, "போன வாரம் வித்த மீன்தானே, ஏதோ குறை இருக்கு போல, அதான் திரும்பி வந்திருக்கு" என்று ஒருவர் எழுதினார். 60 வெள்ளிக்குத்தான் போனது.

இப்போது சொல்லுங்கள், அந்த 150 வெள்ளிக்காரர் ஒன்றும் எடுக்கவில்லையா? நண்பரின் ஒரு வாரத்தை எடுத்தார். 140க்கு வாங்க இருந்தவரை விரட்டினார். அந்த மீனுக்கு இருந்த நல்ல பெயரையும் எடுத்தார். இவ்வளவும் விரல் நுனியால்!

திருக்குறளில் 29ஆம் அதிகாரம் கள்ளாமை, 30ஆம் அதிகாரம் வாய்மை. இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. பொய்க்கும் திருட்டுக்கும் இடையே ஒரு பக்கம்தான் தூரம் என்று எனக்குத் தோன்றும். கட்டும் எண்ணம் இல்லாமல் கேட்கிற ஏலம் இரண்டு பக்கத்திலும் கால் வைக்கிறது.

இணைய ஏலம் எதன் மேல் நிற்கிறது என்றும் பாருங்கள். 1995இல் அமெரிக்காவில் பியர் ஒமிடியார் என்பவர் ஈபே ஏலத் தளத்தைத் தொடங்கினார். அதில் முதலில் விற்ற பொருள் உடைந்துபோன ஒரு லேசர் பாயிண்டர். 14.83 டாலருக்குப் போனது. உடைந்தது என்று தெரியுமா என்று அவர் கேட்டதற்கு, உடைந்த லேசர் பாயிண்டர்களைச் சேகரிப்பவன் நான் என்று வாங்கியவர் சொன்னாராம். உடைந்த பொருளுக்குக்கூட, முகம் தெரியாத ஒருவர் சொன்ன காசைக் கொடுத்தார். அங்கிருந்துதான் இவ்வளவு பெரிய சந்தை வளர்ந்தது. எங்கள் பொறியியல் பாடத்தில், ஒரு கட்டடத்தின் பாரத்தை எந்தத் தூண் தாங்குகிறது என்று முதலில் பார்க்கச் சொல்வார்கள். இந்தச் சந்தையின் பாரத்தைத் தாங்குகிற தூண் வாக்குதான்.

அந்தத் தூணைக் காப்பாற்றத்தான் விதிகள் வந்தன. ஈபேயில் ஜெயித்தவர் 4 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் விற்பவர் விற்பனையை ரத்து செய்யலாம். அது வாங்குபவர் கணக்கில் பதிவாகும். அப்படிப் பதிவானவர்கள் தன் பொருளைக் கேட்க முடியாதபடி விற்பவர் தடுத்துவைக்கலாம். திரும்பத் திரும்ப நடந்தால் கணக்கையே முடக்குவார்கள். நம் நாட்டில் நீதிமன்றம் வழியாக நடக்கும் வீட்டு ஏலத்தில் அடிப்படை விலையில் 10 விழுக்காட்டை முன்பணமாகக் கட்டினால்தான் கேட்கவே முடியும். ஜெயித்துவிட்டு மீதியைக் குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் அந்த முன்பணம் போய்விடும்.

சட்டமும் இதை விளையாட்டாக எடுக்கவில்லை. தீபகற்ப மலேசியாவில் நடப்பில் இருக்கும் 1957ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டப்படி, ஏலம் விடுபவர் சுத்தியலைத் தட்டியோ வழக்கமான வேறு முறையிலோ முடிந்தது என்று அறிவிக்கும்வரை கேட்டதைத் திரும்பப் பெறலாம். அறிவித்தபின் விற்பனை முடிந்துவிட்டது. நட்டப்பட்டவர் நினைத்தால், 5,000 வெள்ளி வரைக்கும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே சிறு வழக்கு போட முடியும். 150 வெள்ளிக்காக யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை, அது வேறு விஷயம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 18 வயது ஆகாதவர் செய்கிற ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. "அப்போ எனக்குக் கவலை இல்லை" என்று ஐந்தாம் படிவத் தம்பி சிரிக்கலாம். சட்டம் உன்னை விட்டுவிடும், தம்பி. ஆனால் அந்த மீன்காரர் இழந்த ஒரு வாரம் உன் வயதைப் பார்த்துத் திரும்பி வந்துவிடுமா?

நம் கோயில்களிலும் ஏலம் உண்டு. திருவிழா முடிந்ததும் அம்பாளுக்குச் சாத்திய சேலை, மாலை, பழத்தட்டு எல்லாம் ஏலத்துக்கு வரும். ஒரு மாமா 500 என்று கை தூக்குவார், எதிரே ஒரு அத்தை 600 என்பார். கையில் காசு இல்லாவிட்டாலும் பெயரை எழுதிவைத்து, சம்பளம் வந்ததும் முதல் வேலையாகக் கொண்டுவந்து கட்டுவார்கள். "சாமிக்கு முன்னால சொன்னது, கட்டாம விட்டா ஆகாது" என்பார்கள். அங்கே அவ்வளவு பயபக்தி. அதே குடும்பத்துப் பிள்ளை இரவில் போர்வைக்குள் படுத்துக்கொண்டு 120 என்று தட்டும்போது சாமி எங்கே போய்விட்டார்? எங்கும் நிறைந்தவர் என்று தினமும் பாடுகிறோம். அந்தச் சின்னத் திரைக்கு முன்னால் மட்டும் இல்லாமலா போவார்?

நல்வினையும் தீவினையும் மனம், வாக்கு, காயம் மூன்றாலும் வரும் என்கிறது சைவம். ஏலத்தில் மனம் ஆசைப்படுகிறது, விரல் அழுத்துகிறது, "நான் வாங்கிக்கொள்கிறேன்" என்ற சொல் எதிராளிக்குப் போய்ச் சேர்கிறது. மூன்றும் ஒரே நொடியில் நடந்துவிடுகிறது. கட்டாமல் விட்டால் நாளைக்கே கைத்தொலைபேசி உடையும், பரீட்சையில் தோற்றுப்போவாய் என்று நான் பயமுறுத்த மாட்டேன். வினை அப்படிக் கணக்குப் பார்ப்பதாக நான் படித்ததில்லை. நான் பார்த்தது வேறு. ஒரு தடவை ஓடியவனுக்கு இரண்டாம் தடவை ஓடுவது சுலபமாக இருக்கிறது. பிறகு நண்பனிடம் வாங்கிய 50 வெள்ளி, குழு வேலையில் ஏற்றுக்கொண்ட பகுதி, "ஆறு மணிக்கு வந்துடுறேன்" என்று அம்மாவிடம் சொன்னது, எல்லாவற்றிலும் அதே பழக்கம் நுழைகிறது. கடைசியில் அவன் உண்மையைச் சொன்னாலும் யாரும் நம்புவதில்லை. அவன் பெயரோடு ஸ்கிரீன்ஷாட் போடுகிறார்கள். சில நேரம் "இந்த ஆளுங்களே இப்படித்தான்" என்று நம் எல்லாரையும் சேர்த்தும் எழுதிவிடுகிறார்கள். அடுத்து வருகிற நேர்மையான பிள்ளையிடம், "முதல்ல காசைப் போடு, அப்புறம் கேளு" என்கிறார் விற்பவர்.

இந்த இடத்தில்தான் எனக்குச் சுந்தரர் ஞாபகம் வருகிறார். சேக்கிழார் பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட கதையைச் சொல்கிறார். புத்தூரில் சுந்தரருக்குக் கல்யாணம். மணப்பந்தலில் ஒரு கிழவர் வந்து நிற்கிறார். "உன் பாட்டனார் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது. நீ எனக்கு அடிமை" என்கிறார். சுந்தரருக்குக் கோபம். கிழவரைப் பித்தன் என்று ஏசிவிட்டு, ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப்போடுகிறார். இன்றைய பேச்சில் சொன்னால், செய்தியை அழித்து, ஆளையும் பிளாக் செய்த மாதிரி. விஷயம் முடிந்தது என்று நினைத்திருப்பார்.

முடியவில்லை. வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. அங்கே கிழவர், "இவன் கிழித்தது படி ஓலை. மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது" என்று எடுத்து நீட்டுகிறார். சபையார் பாட்டனாரின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். சரியாக இருக்கிறது. சுந்தரர் தோற்றுவிட்டார் என்று தீர்ப்புச் சொல்கிறார்கள்.

அடுத்து அவர் செய்ததைக் கவனியுங்கள். கல்யாணம் நின்றுபோச்சு, ஊர் பார்க்க அவமானம். ஓலை எழுதியதும் அவர் இல்லை, எப்போதோ வாழ்ந்த பாட்டனார். "எனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்" என்று அவர் வாதாடியிருக்கலாம், ஓடியும் இருக்கலாம். ஓடவில்லை. தீர்ப்பை ஏற்றுக்கொண்டு கிழவர் பின்னாலேயே நடந்தார். கிழவர் நேராகக் கோயிலுக்குள் போய் மறைந்தார். வந்தவர் சிவபெருமான் என்று அப்போதுதான் தெரிந்தது. ஏசிய அதே சொல்லை வைத்தே தன்னைப் பாடச் சொன்னார் பெருமான். கடனை ஒப்புக்கொண்டு பின்னால் நடந்ததால்தான் சுந்தரருக்குக் கடவுள் கிடைத்தார். கிழித்த கையோடு பந்தலிலேயே உட்கார்ந்திருந்தால், வாசல்வரை வந்தவரை அவர் இழந்திருப்பார்.

தம்பி தங்கைகளே, நாம் அழிக்கிற செய்தி படி ஓலைதான். மூல ஓலை அவரிடம் இருக்கிறது. பாட்டனார் எழுதியதற்கே சுந்தரர் கட்டுப்பட்டார். நம்முடையதோ நாமே, நம் விரலால் எழுதியது.

அதனால் சில பழக்கங்களை நாம் சேர்ந்து கடைப்பிடிப்போம். கணக்கில் இப்போது இருக்கிற காசுக்கு மட்டும் ஏலம் கேளுங்கள். அடுத்த மாதம் வரப்போகிற காசை நம்பிக் கேட்க வேண்டாம். தொடங்குவதற்கு முன்பே, "இதுக்கு மேல போக மாட்டேன்" என்று ஒரு தொகையைத் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கடைசி ஐந்து நிமிடச் சூட்டில் அந்தத் தாள்தான் உங்களுக்குக் கடிவாளம். 45க்குப் பதில் 450 என்று தட்டிவிட்டால் அந்த நொடியே சொல்லுங்கள், ஏலம் முடியும்வரை காத்திருக்காதீர்கள். ஜெயித்தபின் உண்மையாகவே கஷ்டம் வந்துவிட்டால் விற்பவரை அழைத்து, "அண்ணே, இப்படி ஆயிடுச்சு, ஒரு வாரம் டைம் குடுங்க" என்று கேளுங்கள். முடியவே முடியாதென்றால் அதையும் முதல் நாளே சொல்லி, அவருக்கு வந்த செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் மனிதர்கள்தான், புரிந்துகொள்வார்கள்.

யாராவது ஒரு விற்பவர் இப்போதும் உங்கள் பிளாக் பட்டியலில் இருந்தால், இன்று இரவே எடுத்துவிடுங்கள். பழைய பொருள் விற்றுப் போயிருக்கும், பரவாயில்லை. "அன்னைக்கு நான் கட்டாம விட்டதால உங்களுக்கு எவ்வளவு நட்டம்?" என்று கேளுங்கள். கேட்க வெட்கமாகத்தான் இருக்கும். சுந்தரருக்கும் அன்று அந்தச் சபையில் அப்படித்தான் இருந்திருக்கும்.

திருச்சிற்றம்பலம்.