கண்ணோட்டம்

தமிழ்ச் சொற்களுள் சில, காலப்போக்கில் உள்ளீடு கழன்று மேலோடு மட்டுமாய் வழக்கில் நிற்கின்றன. ‘கண்ணோட்டம்’ அவற்றுள் ஒன்று. பொருளாதாரக் கண்ணோட்டம், அரசியல் கண்ணோட்டம் என்று இன்று மேடையிலும் ஏட்டிலும் பேசுகிறோம். ஒரு பொருளை எந்தப் பக்கத்தில் நின்று பார்க்கிறோம் என்பதே இன்று அச்சொல்லுக்கு நாம் கொள்ளும் பொருள். திருக்குறளின் 58ஆம் அதிகாரத்திற்கும் இதுவே பெயர். ஆனால் அங்கே அது ஓர் அறத்தைக் குறிக்கிறது. கண் சென்று பதிந்த இடத்தில் நெஞ்சும் சென்று கனிதலையே வள்ளுவர் கண்ணோட்டம் என்றார்.

அவ்வதிகாரம் அமைந்துள்ள இடமும் எண்ணிப் பார்க்கத்தக்கது. இல்லறத்திலோ துறவறத்திலோ அதை வைக்காமல், பொருட்பாலில் அரசியலில் வைத்தார் வள்ளுவர். செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்தசெய்யாமை ஆகிய மூன்றையும் அடுத்துக் கண்ணோட்டம் வருகிறது. அதனை அடுத்து வருவது ஒற்றாடல். ஆள்வோனுக்கு இரண்டு வகைப் பார்வை உண்டு. ஒன்று கனிந்து பார்ப்பது, மற்றொன்று வேவு பார்ப்பது. முன்னது பின்னதற்கு முன்னால் நிற்க வேண்டும் என்று இவ்வரிசையினின்று நாம் பொருள் கொள்ளலாம் அன்றோ?

பார்த்தல் என்பது அறிவின் தொழிலா, அறத்தின் தொழிலா? ஒன்றை உற்று நோக்காமலேயே இழிந்தது என்று தீர்ப்புக் கூறுவது அறியாமையா, அறக்கேடா? இவ்வினாவிற்கு விடை தேட, ஜெர்மனியில் தொடங்கி நம் மைசூரில் வந்து முடியும் ஒரு வரலாறு உதவுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கலைஞர்கள் சிலர் பார்வையைப் புதுப்பிக்க முற்பட்டனர். 1905இல் டிரெஸ்டன் நகரில் ஓவிய இளைஞர் சிலர் ஒரு குழுவாய்க் கூடினர். 1911இல் மியூனிக் நகரில் காண்டின்ஸ்கியும் பிரான்ஸ் மார்க்கும் மற்றொரு குழுவைத் தொடங்கினர். 1919இல் வைமர் நகரில் ‘பௌஹவுஸ்’ என்னும் கலைப்பள்ளி பிறந்தது. நாற்காலியும் விளக்கும் அச்செழுத்தும்கூடக் கலைஞனின் கவனத்திற்கு உரியவை என்று அது கற்பித்தது.

இவர்களுள் பலருடைய கண், பிறர் காண மறுத்த இடங்களுக்குச் சென்றது. கேத்தே கோல்விட்ஸ் என்னும் அம்மையார் பட்டினி கிடந்த தாய்மாரையும் மகனை இழந்த பெற்றோரையும் வரைந்தார். 1914இல் அவர் தம் மகனையே போரில் பறிகொடுத்தவர். ஆட்டோ டிக்ஸ் என்பவர் போரில் உறுப்பிழந்து தெருவில் கிடந்த வீரர்களை வரைந்தார். ஆகஸ்ட் சாண்டர் என்னும் புகைப்படக் கலைஞர் உழவர், கொல்லர், வணிகர், வேலையற்றோர் எனப் பலதரப்பட்ட மக்களை ஒரே அமைதியோடும் மதிப்போடும் படம் எடுத்து, 60 படங்கள் கொண்ட நூலாக 1929இல் வெளியிட்டார். ஜான் ஹார்ட்ஃபீல்டு என்பவர் புகைப்படங்களை வெட்டி ஒட்டி, ஆதிக்கக்காரர்களின் வேடத்தைக் கலைக்கும் சுவரொட்டிகளையும் நூலட்டைகளையும் வடிவமைத்தார்.

1933இல் இட்லரின் ஆட்சி வந்தது. பௌஹவுஸ் மூடப்பட்டது. ஓவியர் பால் கிளே ஆசிரியப் பணியிலிருந்து நீக்கப்பட்டார். கோல்விட்ஸ் பிரஷ்யக் கலைக்கழகத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். ஹார்ட்ஃபீல்டு பிராகா நகருக்குத் தப்பினார். சாண்டருடைய நூலின் அச்சுத் தகடுகள் 1936இல் அழிக்கப்பட்டன. ஓர் அரசு எளிய மக்களின் முகங்களைக் கண்டு ஏன் அஞ்ச வேண்டும்? ஜெர்மானியன் என்றால் இப்படித்தான் இருப்பான் என்று அவ்வரசு ஒரு முகத்தை வரைந்து வைத்திருந்தது. சாண்டரின் படங்களில் இருந்தவையோ உண்மையான முகங்கள்.

1937ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், மியூனிக் நகரில் ‘சீரழிந்த கலை’ என்ற பெயரில் ஒரு கண்காட்சி திறக்கப்பட்டது. அரசு பறிமுதல் செய்த ஓவியங்களும் சிற்பங்களுமாகச் சுமார் 650 படைப்புகளை நெருக்கமாக மாட்டி, சுவரெங்கும் எள்ளல் மொழிகளை எழுதி வைத்தார்கள். இருபது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வந்து பார்த்தனர் என்பர். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே பார்க்காமலிருக்கும் வித்தையை ஒரு நாட்டு மக்களுக்குக் கற்பித்த பள்ளிக்கூடம் அது. தீர்ப்பு சுவரில் முன்பே எழுதப்பட்டிருந்தது. வந்தவன் அதைப் படித்துவிட்டுப் படத்தை நோக்கினான். முதலில் ஓவியத்தை இழிந்தது என்று சொல்லப் பழகிய நாக்கு, பின்னர் மனிதனை இழிந்தவன் என்று சொல்லக் கூசவில்லை. அதன் முடிவை உலகம் அறியும்.

அங்கே இகழப்பட்ட இதே கிளேயும் காண்டின்ஸ்கியும் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே நம் நாட்டில் விருந்தினராய் ஏற்கப்பட்டவர்கள். 1922ஆம் ஆண்டு டிசம்பரில், கல்கத்தாவின் கீழைக்கலைச் சங்கம் பௌஹவுஸ் கலைஞர்களின் படைப்புகளை வரவழைத்து இந்திய ஓவியங்களோடு காட்சிக்கு வைத்தது. அறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் அதற்குத் துணைநின்றார்.

இட்லரின் ஆட்சியினின்று தப்பி இந்தியாவிற்கு வந்தோரும் உண்டு. பெர்லினில் பிறந்த கட்டடக் கலைஞர் ஆட்டோ கோனிக்ஸ்பெர்கரை மைசூர் சமஸ்தானமே 1939இல் தன் தலைமைக் கட்டடக் கலைஞராக ஏற்றுக்கொண்டது. அவருக்கு முன்பே, 1933இல், பம்பாய்க்கு வந்து சேர்ந்தவர் ருடால்ஃப் வான் லேடன். அவரும் 1908இல் பெர்லினில் பிறந்தவர். நிலவியல் படித்து முனைவர் பட்டம் பெற்ற அவர், பம்பாயில் விளம்பர ஓவியத்தைத் தொழிலாகக் கொண்டார். தம் பெயரின் ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றி ‘டென்லி’ என்று கையொப்பமிட்டுக் கேலிச்சித்திரங்கள் வரைந்தார். பத்திரிகைகளில் கலைத்திறனாய்வும் எழுதினார்.

அந்நகரில் வீட்டு வேலை செய்து பிழைத்துக்கொண்டே ஓவியம் வரைந்துவந்தார் கே. எச். ஆரா. வேலைக்காரனின் கைவேலை என்று தள்ளிவிடாமல் ஊன்றிப் பார்த்து ஊக்கியவர்களுள் லேடன் முதன்மையானவர். அந்த ஆரா பின்னர், 1947இல் சூசா, ரசா, உசேன் முதலியோரோடு சேர்ந்து ‘முற்போக்குக் கலைஞர் குழு’வைத் தோற்றுவித்தார். இக்குழுவிற்கு லேடனும், வியன்னாவிலிருந்து வந்த வால்டர் லாங்காமர், இமானுவேல் ஷ்லெசிங்கர் ஆகியோரும் அளித்த ஆதரவு இந்திய ஓவிய வரலாற்றில் பதிந்துள்ளது.

இதே லேடன் காதலித்துத் தேடிய மற்றொரு பொருள், நம் நாட்டின் பழைய சீட்டுகள். ‘கஞ்சிஃபா’ என வழங்கும் இவை வட்ட வடிவமானவை. கையால் வரைந்து வண்ணம் தீட்டி மெருகு பூசியவை. திருமாலின் பத்து அவதாரங்களுக்கும் வகைக்குப் பன்னிரண்டாக 120 சீட்டுகள் கொண்ட கட்டு பரவலாக அறியப்பட்டது. மைசூரிலோ இக்கலை தனி உயரத்தை எட்டியது. 1831இல் ஆங்கிலேயர் ஆட்சிப் பொறுப்பைப் பறித்துக்கொண்ட பின், மும்மடி கிருஷ்ணராஜ உடையார் 1868இல் மறையும்வரை கலைகளிலும் நூல்களிலும் உள்ளம் தோய்ந்திருந்தார். அவர் தொகுப்பித்த ‘ஸ்ரீதத்துவநிதி’யின் இறுதிப் பகுதியான கௌதுக நிதியில் அவர் வகுத்த சீட்டாட்டங்கள் விளக்கப்பட்டுள்ளன. ‘சத்’ என்னும் பெயருடைய அவ்வாட்டங்களுள் சிலவற்றிற்கு 18 வகைச் சீட்டுகள் தேவை; ஒரு கட்டிலேயே முந்நூறுக்கு மேற்பட்ட சீட்டுகள் இருக்கும். அரியணை இருந்தும் ஆட்சி இல்லாத மன்னர் ஒருவர், தேவர்களையும் கோள்களையும் வட்டச் சீட்டுகளில் நிரல்படுத்தி அமைத்த சிறிய அரசு அது. நாட்டை இழந்து வந்த லேடன், ஆட்சியை இழந்த மன்னரின் இச்சீட்டுகளைப் பற்றியே தனி நூல் ஒன்று எழுதினார். அது 1973இல் வியன்னாவில் வெளிவந்தது. 1982இல் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திற்காக இந்தியச் சீட்டுகள் முழுவதையும் பற்றி எழுதி, மறு ஆண்டில் மறைந்தார்.

இங்கே சில மறுப்புகள் எழலாம். சூதாடும் கருவிக்கு இத்தனை சிறப்பா, வள்ளுவர் ‘சூது’ என்றோர் அதிகாரம் வகுத்துக் கடியவில்லையா என்று கேட்கலாம். வள்ளுவர் கடிந்தது பணையம் வைத்துப் பொருளும் மானமும் இழக்கும் செயலை. அச்செயல் தாயக்கட்டையாலும் நிகழும், குதிரையாலும் நிகழும். சூதைக் கடிவதற்காகச் சீட்டின்மேல் தூரிகையால் திருமாலை வரைந்த ஓவியனின் விரலைக் கடிய வேண்டியதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிய வேண்டுமானால் முதலில் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாக வேண்டும். அவ்வாட்டத்தின் விதி ஒன்றே இதற்குச் சான்று. பத்து வகைகளுள் ஐந்தில் பத்தாம் எண் உயர்ந்தது. மற்ற ஐந்தில் ஒன்றாம் எண்ணே உயர்ந்தது. எந்த வகை என்று நோக்காமல் எண்ணை மட்டும் பார்த்து மதிப்பிடுபவன் ஏமாறுவான்.

துன்பப்பட்டவன் என்பதால் லேடனுக்கு இக்கண் வாய்த்தது. நமக்கு எப்படி வாய்க்கும் என்பது இரண்டாம் மறுப்பு. துன்பம் தானாகவே கண்ணைத் திறந்துவிடுவதில்லை. எமில் நோல்டே என்னும் ஓவியரின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள் பறிமுதல் செய்யப்பட்டன. 1941இல் தொழில்முறையில் ஓவியம் வரையவும் அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. அவரோ நாஜிக் கட்சியின் உறுப்பினர். யூதர்மீது வெறுப்புக் கொண்டவர். தம்மை மிதித்த காலுக்கே அவர் துதி பாடினார். அடிபட்டவன் அனைவரும் அருளாளன் ஆவதில்லை. பட்ட துன்பத்தைப் பிறர்மேல் இரக்கமாய் மாற்றுவது ஒவ்வொருவரும் தாமே செய்துகொள்ள வேண்டிய தேர்வு. ஆகவேதான் கண்ணோட்டம் இயல்பாய் வாய்க்கும் குணம் என்பதைவிடப் பயின்று பெறும் அறம் என்பது பொருந்தும்.

நம் பொருளின் அருமையை அயல்நாட்டான் வந்துதான் சொல்ல வேண்டுமா என்பது மூன்றாவது. சொல்ல வேண்டியதில்லை. மைசூரிலேயே தூரிகை பிடித்து இச்சீட்டுக்கலையைக் காத்துவந்த கலைஞர்கள் உண்டு. மைசூர்க் கஞ்சிஃபா இன்று புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. அவர்களுடைய உழைப்பே இக்கலைக்கு உயிர். லேடன் நமக்குக் காட்டுவது வேறொன்று: வந்து குடியேறியவன் வந்த ஊருக்குச் செலுத்தக்கூடிய கடன் எது என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

இங்கேதான் இவ்வரலாறு மைசூர்வாழ் தமிழராகிய நம்மைத் தொடுகிறது. நம்முடைய செல்வம் பிறர் இல்லத்தில் கவனிப்பாரின்றிக் கிடக்கிறதோ என்னும் கவலையை நாம் நன்கு அறிவோம். நடுவண் அரசின் கல்வெட்டியல் அலுவலகம் 1966இல் உதகமண்டலத்திலிருந்து மைசூருக்கு வந்தது. அதனோடு வந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைக் குறித்துத் தமிழகம் பல்லாண்டு கவலைப்பட்டது. அவற்றைச் சென்னைக்கு மாற்றுமாறு உயர் நீதிமன்றம் 2021இல் ஆணையிட்டது. நம் கல்வெட்டைப் பிறர் மதித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்பது நியாயமே. அந்த நியாயம் நம்மிடமும் ஒன்று கேட்கும் அல்லவா? இந்நகரில் முப்பது ஆண்டு வாழ்ந்தும், தசராவின் விளக்கொளியும் ஜகன்மோகன் அரண்மனையில் விளக்கேந்தி நிற்கும் பெண்ணின் ஓவியமும் தவிர வேறெதையும் காணாதவர் நம்மிடையே பலர். கன்னட மக்களின் கைவினையையும் நூலையும் அண்டை வீட்டாரின் கோலத்தையும் நாம் எத்துணை ஊன்றி நோக்கியிருக்கிறோம்?

அரசு அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணிபுரிவோர்க்கு ஒரு நடைமுறை தெரியும். காலங்கடந்த கோப்புகளைக் கழிக்கும்போதும், ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, பின்னாளில் தேவைப்படுமா என்று ஆராய்ந்து, பொறுப்பான ஒருவர் கையொப்பமிட்ட பிறகே அழிக்க வேண்டும். கட்டின்மேல் படிந்த தூசியைக் கண்டு உள்ளே இருப்பதும் குப்பைதான் என்று எழுதிவிடக் கூடாது. ஒரு காகிதக் கட்டிற்கு நாம் அளிக்கும் இந்த நியாயத்தை ஓர் ஓவியத்திற்கும், அயலார் ஒருவரின் வாழ்விற்கும் அளிக்கக் கடமைப்பட்டுள்ளோம். பார்த்த பிறகு ஒன்றை விரும்பாமல் இருக்கலாம், குறை கூறலாம், வேண்டாம் என்று விலக்கவும் செய்யலாம். பாராமல் விலக்கும் உரிமை யாருக்கும் இல்லை. ஆள்வோருக்குச் சற்றும் இல்லை.

ஆகவே பார்த்தல் அறத்தின் தொழிலே ஆகும். அறிவு அதன் விளைவாய் வருவது. இதனை உணர்ந்தே நம் முன்னோர் பார்வைக்கும் இரக்கத்திற்கும் ஒரே சொல்லை வைத்தனர் போலும். அச்சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். அதன் பொருளையும் வழங்கத் தொடங்குவோமாக. வரும் ஞாயிறன்று மைசூரின் சித்திரக்காரர் ஒருவர் வட்டச் சீட்டில் வண்ணம் தீட்டுவதை அருகிருந்து அரைமணி நேரம் பார்த்தாலே போதும். அது நல்ல தொடக்கமாகும்.