பாழிடம் யாருக்கு உரியது?

மூடிய கதவைக் கண்டால் உள்ளே என்ன இருக்கிறதென்று அறிய அவாவுவது மனித இயல்பு. இவ்வியல்பு இல்லையேல் மனிதன் கடலைக் கடந்திரான், மலையை ஏறியிரான், வானத்தையும் அளந்திரான். இக்காலத்தில் இவ்வவா ஒரு புது வழியிற் செல்லக் காண்கிறோம். கைவிடப்பட்ட சுரங்கம், ஓட்டம் நின்ற ஆலை, ஆளொழிந்த மாளிகை முதலியவற்றைத் தேடிப் புகுந்து, படம் பிடித்து வந்து, பிறர்க்குக் காட்டி மகிழ்வோர் உலகெங்கும் பெருகியிருக்கின்றனர். நம் இளைஞரும் இதிற் பின்தங்கினாரல்லர். இது வீரமா? வீண் விளையாட்டா? மாண்டோர்க்குச் செய்யும் அவமதிப்பா? "எவரும் இல்லாத இடம் எவர்க்கும் உரியது" என்று சிலர் வாதிக்கின்றனரே, அவ்வாதம் பொருந்துமா? இவ்விஷயத்தைச் சற்று ஆழ்ந்து சிந்திப்போம்.

இதற்கு நாம் நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. நெகிரி செம்பிலான் ஒன்றே போதும். பால்மரம் வருமுன் இம்மண்ணின் செல்வம் ஈயமே. 1846ல் ராஜா ஜுமாஆட்டின் கைக்கு வந்த லுக்குட், ஈயத்தால் செழித்தது. சுங்கை ஊஜோங்கும் ஜெலுபுவும் ஈயத்தால் பேர்பெற்றன. பிற்காலத்தில் கோலாலம்பூரை வளர்த்த யாப் ஆ லோய் தம் இளமையில் லுக்குட்டிலும் சுங்கை ஊஜோங்கிலும் பிழைத்தவரே. இந்நாட்டு ஈய லம்பம் பெரும்பாலும் மலையைக் குடைந்த குகையன்று; திறந்த பெரும்பள்ளம். ஆதியில் சீனத் தொழிலாளர் மண்ணை வெட்டிக் கூடையில் சுமந்து கரையேறினர். பின்னாளில் நீரைப் பீய்ச்சி மண்சுவரை உடைத்து, அக்குழம்பை இயந்திரத்தால் மேலேற்றி, பாலோங் என்னும் நீண்ட சாய்தொட்டியில் ஓடவிட்டனர். கனத்த ஈயமணல் அடியில் தங்கிற்று. ஏனைய மண் வழிந்தோடிற்று. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. எஞ்சியிருந்த லம்பங்களும் ஒன்றன்பின் ஒன்றாய் மூடின. பள்ளங்களில் மழைநீர் தேங்கிற்று. அவையே இன்று நாம் காணும் ஈயக் குட்டைகள்.

இக்குட்டைகளைக் குறித்து நம்மவர் பேசுவது யாது? "குட்டை ஆள் கேட்கிறது, ஆண்டுக்கு ஒரு பலி கொள்ளாமல் அடங்காது" என்பதே. உண்மை வேறு. கரையோரம் முழங்கால் அளவே தோன்றும் நீர், அடுத்த அடியில் பல ஆள் ஆழத்துக்கு இறங்கிவிடும். அடியிலுள்ள களிச்சேறு காலைப் பற்றும். மணற்கரை மிதித்த மாத்திரத்திற் சரியும். நீந்தத் தெரிந்தவனும் தப்புவது அரிது. ஆதலின் அங்கே உயிர் குடிப்பது முனியன்று. ஆழமும் சேறும் வேலியின்மையுமே. முனியின்மேற் பழியைப் போட்டுவிட்டால், வேலி ஏன் இல்லையென்று ஒருவரையும் கேட்க வேண்டியதில்லையன்றோ! மூடநம்பிக்கை மனிதனுக்கு அச்சத்தைத் தருகிறது, எச்சரிக்கையைத் தருவதில்லை. அதன் பெருந்தீங்கு இதுவே.

இடத்தின்மேற் பழிபோடும் வழக்கம் பாமரர்க்கு மட்டும் உரியதென எண்ணற்க. கற்ற மருத்துவரும் ஒருகாலத்தில் இதனையே செய்தனர். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் லம்பத் தொழிலாளர் பெரிபெரி என்னும் நோயாற் கூட்டங்கூட்டமாய் மடிந்தனர். கால் வீங்கும், நடை தளரும், முடிவில் நெஞ்சு நின்றுவிடும். நோய் அந்த இடத்தின் மண்ணிலும் கொட்டகையிலும் குடிகொண்டிருக்கிறதென்று பலர் நம்பினர். சிரம்பானில் அரசாங்க மருத்துவராயிருந்த பிராட்டன் என்பார் ஒன்றை உற்றுநோக்கினார். தீட்டிய வெள்ளரிசி உண்ட சீனர்க்கு நோய் வந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழர்க்கோ பெரும்பாலும் வரவில்லை. 1907ல் பிரேஸர், ஸ்டாண்டன் என்ற இருவர், இம்மாநிலத்தின் டுரியான் டிப்பூஸ் பகுதியில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளரை இரு கூட்டமாக்கி, ஒரு கூட்டத்துக்கு வெள்ளரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் அளித்துச் சோதித்தனர். வெள்ளரிசி உண்டோர்க்கே நோய் கண்டது. நோய் கண்ட இடத்தில் நோயாளிகளோடு கூடியிருந்தும் புழுங்கலரிசி உண்டோர் நலமாயிருந்தனர். தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் சத்தொன்று, புழுக்கும்போது அரிசிக்குள்ளேயே தங்கிவிடுகிறதென்பது பிறகு தெளிவாயிற்று.

நம் பாட்டிமார் அடுப்பில் ஏற்றிய அரிசிக்குள் இத்தனை பெரிய உண்மை அடங்கியிருந்தது. "பொல்லாத இடம்" என்று விலகி ஓடியவர்க்கு அது புலப்படவில்லை. "என்ன பயங்கரமான இடம்!" என்று வேடிக்கை பார்த்தவர்க்கும் புலப்பட்டிராது. "இங்கே உழைத்தவன் எதை உண்டான்?" என்று கேட்டவர்க்கே அது தென்பட்டது. பாழிடத்துக்குள் புகுவதன் நியாயமும் இதில் அடங்கியுள்ளது. ஒருவன் எந்தக் கேள்வியோடு உள்ளே போகிறான் என்பதே அவன் செயலை உயர்த்தும் அல்லது தாழ்த்தும்.

மைசூர் நாட்டுக் கோலார் தங்கவயலை எண்ணிப் பாருங்கள். 1880ல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே தொழிலை ஏற்றனர். அன்றுமுதல் வட ஆர்க்காடு, சித்தூர்ச் சீமைகளிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாய் அச்சுரங்கத்தில் இறங்கினர். ஆழம் மூவாயிரம் மீட்டரையும் கடந்தது. பாறை வெடிப்பில் மாண்டோர் பலர். கற்றூள் நுரையீரலை அரிக்க இருமி இருமி மாண்டோர் அவரினும் பலர். 2001 பிப்ரவரி 28ல் சுரங்கம் மூடப்பட்டது. அத்தகைய இருளில் ஒருவன் இறங்கியது வயிற்றுக்காக. இன்று இன்னொருவன் எட்டிப் பார்க்க விழைவது வியப்புக்காக. ஒருவனுக்குக் கூலியாயிருந்த இருள் மற்றொருவனுக்குக் கேளிக்கையாகிறது. இவ்விருவர்க்கும் இடையே ஒரு கடன் நிற்கவில்லையா? முன்னவன் யார், எங்கிருந்து வந்தான், என்ன கூலி பெற்றான், எதனால் மாண்டான் என்று பின்னவன் கேட்டறியின் அக்கடனில் ஒரு பங்கேனும் தீரும். கேளாது திரும்புவோன் பிறர் துன்பத்தைக் காட்சியாக்கியவனே ஆவான்.

"மாண்டோர் கிடக்கும் இடத்தை அப்படியே விட்டுவிடுவதே மரியாதை" என்று சிலர் கூறுவர். கருத்து நன்றே, ஆயினும் முற்றும் பொருந்தாது. ஜெலுபுவில் தித்திக்கு அருகே யூ லாங் லாங் என்றோர் ஊர் இருந்தது. 1942 மார்ச் 18ல் ஜப்பானியப் படையினர் அவ்வூராரை, குழந்தைகளென்றும் பாராது, ஆயிரத்துக்கு மேற்பட்டோராய்க் கொன்று குவித்து, ஊரையும் எரித்தனர். அவ்விடத்தை ஒருவரும் அணுகாது விட்டிருந்தால் யாருக்கு நன்மை? கொன்றவனுக்கே. மறதி, மாண்டோர்க்குச் செய்யும் மரியாதையன்று. ஆனால் அங்கே போய்ப் பல்லைக் காட்டிப் படம் பிடித்து வருவதும் மரியாதையாகாது. தலைகுனிந்து சென்று, அறிந்து, திரும்பிச் சொல்வதே தக்க நெறி.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். பால்மரம் வீழ்ந்து செம்பனை எழுந்தது. சிரம்பான், நீலாய் வட்டாரங்களில் தோட்ட நிலங்கள் பல புதுநகரங்களாய் மாறின. லயங்கள் இடிந்தன. பிரட்டுக்களத்திற் புல் மண்டிற்று. பிள்ளைகளைத் தொட்டிலிட்ட ஆயக்கொட்டகை இருந்த இடம் தெரியவில்லை. செம்பனைக்கு நடுவே ஒரு சிறு கோயில் மட்டும் நிற்கும். அதன் சுவரில் கட்டியவர் பெயர் பாதி அழிந்திருக்கும். ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதைக்கென்று கொண்டுசெல்லப்பட்டு, மீளாது போனவர் பலர் புறப்பட்ட வாசல்கள் இத்தகைய லயங்களின் வாசல்களே. அந்நியநாட்டுப் பாழ்மாளிகையை ஆயிரம் வெள்ளி செலவிட்டுப் பார்க்கும் நம் இளைஞர், தம் பாட்டனார் குடியிருந்த லயம் எந்தத் திசையில் இருந்ததென்று கேட்டால் விழிக்கின்றனர். இதனைவிட விசித்திரமான இடம் வேறு எங்கே தேடுவது?

ஆகவே, இளைஞர்காள், போகாதீர் என்று கூறோம், போங்கள். ஆயின் அறிவோடு போங்கள். நிலத்துக்கு உரியவரின் அனுமதி பெற்றுச் செல்லுங்கள். தனியே செல்லற்க. பழஞ்சுரங்கத்தில் நச்சுக்காற்றும் சரியும் கூரையும் உண்டு; ஈயக் குட்டையிற் சேறு உண்டு. அவற்றுக்கு அஞ்சுவது கோழைத்தனமன்று. பேய்க்கு அஞ்சற்க. அங்கிருந்து ஓர் ஓட்டையும் பெயர்த்தெடுக்காதீர். சுவரில் உங்கள் பெயரைக் கிறுக்காதீர், அங்கே எழுதப்பட வேண்டிய பெயர்கள் வேறு உள. போகுமுன் அவ்விடத்தில் உழைத்த முதியவர் ஒருவரையேனும் கண்டு கேளுங்கள். திரும்பியபின் கேட்டதையும் கண்டதையும் எழுதி வையுங்கள். அம்முதியவர் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். அவரோடு ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் மறைகின்றன.

பாழிடம் யாருக்கு உரியது? பத்திரம் வைத்திருப்போனுக்கு நிலம் உரியதாகலாம். அங்கே வியர்வை சிந்தியவனுக்கு அதன் வரலாறு உரியது. அவன் பேச இயலாதபோது, அவனுக்காகக் கேட்டறிந்து சொல்ல வேண்டிய பொறுப்பு உள்ளே காலடி வைக்கும் ஒவ்வொருவர்க்கும் உரியது.