மனைகோலும் சங்கல்பம்

சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் இடையே, திருமணிமுத்தாறும் சரபங்காவும் காவிரியைத் தேடிச் செல்லும் சமவெளியில், ஒரு குடும்பம் சொந்தமாக வீடு கட்டுவதென்று தீர்மானித்துவிட்டால், அந்தத் தீர்மானம் முதலில் போய்ச் சேருமிடம் பெரும்பாலும் குலதெய்வத்தின் சந்நிதியாகவே இருக்கிறது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டு, விவரம் அறியாத ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்லி, வெள்ளை வந்தால் உத்தரவு என்று கொள்வாரும், கவுளி சொல்லும் வரையில் சந்நிதியிலேயே காத்திருப்பாரும் இன்றும் நம்மிடையே உண்டு. அதன் பின்னர்தான் ஜோசியர், பின்னர் நீரோட்டம் பார்ப்பவர், பின்னர் மேஸ்திரி, கடைசியில் கடன். இந்த வரிசையைக் கண்டு நகைப்போர் சிலர், இதில் அணுவளவும் பிசகலாகாது என்று அஞ்சுவோர் பலர்; ஆனால் இவ்விரு சாராரும் கேளாத கேள்வி ஒன்று உண்டு. தெய்வத்தினிடம் நாம் கேட்பது உண்மையிலேயே உத்தரவுதானா, அல்லது நாமே செய்ய வேண்டிய சிந்தனையை அதன் திருவடியில் இறக்கிவிட்டுக் கவலையற்றிருப்பதற்கு ஓர் உபாயமா?

வீடு கட்டுவதையே நம் ஞானிகள் ஐயத்தோடு பார்த்தார்கள் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பாகவதத்தின் பதினோராம் ஸ்கந்தத்தில், 24 குருமார்களிடம் தாம் கற்ற பாடங்களை யது மன்னனுக்கு எடுத்துரைக்கும் அவதூதர், அக்குருமார்களுள் பாம்பையும் ஒருவராக வைக்கிறார். பிறர் அமைத்த இடத்தில் புகுந்து சுகமாக வாழும் அந்தப் பிராணியைக் கண்டு, அழியும் உடலைச் சுமந்தவன் தனக்கென்று வீடு எழுப்ப முயல்வது துக்கத்துக்கே காரணம் என்று அவர் தெளிந்தாராம். புத்தர் பெருமான் ஞானம் எய்தியபோது மொழிந்ததாகத் தம்மபதம் சொல்லும் வாசகங்களிலோ, பிறவி என்னும் வீட்டை ஓயாமல் கட்டிவந்தவனை அவர் கண்டுகொண்டு, இனி உனக்கு இங்கே வேலையில்லை என்று விடை கொடுத்துவிடுகிறார். துறவின் உச்சியில் நின்று பார்ப்பவர்களுக்கு வீடு என்பது பற்றின் உருவமாகவே தோன்றியிருக்கிறது. ஆயினும் அவதூதருக்குப் பிட்சை இடுவதற்கு எங்கேயாவது ஒரு வாசற்படியும், அதற்குப் பின்னால் ஓர் அடுப்பும் இருந்தே தீர வேண்டும். பாம்பு புகுவதற்கும் கறையான் உழைத்துப் புற்றெழுப்பியிருக்க வேண்டும். ஆகவே வீடு கட்டலாமா என்பது கிருகஸ்தனுக்குரிய கேள்வியன்று. எத்தகைய மனத்தோடு கட்டுவது என்பதே அவனுக்குரியது.

இதில் எனக்கு வழிகாட்டியாகத் தோன்றுபவர் பூசலார் நாயனார். திருநின்றவூரில் வாழ்ந்த அவருக்குச் சிவபெருமானுக்கு ஆலயம் எடுக்கும் ஆவல் இருந்தது, பொருள் இல்லை. மனத்திலேயே கட்டினார். காஞ்சியில் பல்லவ மன்னன் எழுப்பிய கற்றளியின் குடமுழுக்கு நாளை மாற்றிக்கொள்ளும்படி இறைவன் கனவில் வந்து பணித்ததையே நாம் வியந்து பேசுகிறோம். சேக்கிழார் அதற்கு முன்னே சொல்லியிருப்பதைச் சற்று நிதானித்துக் காண்பதில்லை. மனத்தினால் கட்டுகிறவருக்குக் கல் தட்டுப்பாடு இல்லை, கூலி பாக்கி இல்லை, நினைத்த மாத்திரத்தில் கோபுரத்தை நிறுத்திவிடலாம். அவரோ அப்படிச் செய்யவில்லை. மனத்தினாலேயே திரவியம் சேர்த்தார். சாதனங்களையும் தச்சரையும் தேடினார். நல்ல நாள் பார்த்து அடிநிலை வகுத்தார். இரவிலும் கண்துஞ்சாமல் ஒவ்வொரு வரிசையாக எழுப்பிச் சிகரம் கண்டு, சுதை வேலை முடித்து, கிணறும் மதிலும் குளமும் அமைத்த பின்னரே பிரதிஷ்டைக்கு நாள் குறித்தார். கற்பனையில்கூடக் கிணற்றை மறவாத அந்தப் பொறுப்புணர்ச்சியே அவருடைய பக்தி. திட்டமிடுவது லௌகிகம், பூஜை செய்வது வைதிகம் என்று நாம் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோமே, பூசலாரிடத்தில் அந்தப் பிரிவினை கிடையாது. திட்டமிட்டதே அவர் செய்த பூஜை.

இந்த நோக்கோடு பஞ்சாங்கத்தைத் திறந்தால், அதிலுள்ளவை வேறொரு தோற்றம் கொள்கின்றன. வாஸ்து புருஷன் கண் விழிக்கும் நாட்கள் ஆண்டுக்கு 8 என்றும், ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி மாதங்களில் அவன் விழிப்பதே இல்லை என்றும், விழித்திருக்கும் மூன்றே முக்கால் நாழிகையில், அதாவது 90 நிமிஷங்களில், பல் துலக்கல், ஸ்நானம், பூஜை, போஜனம், தாம்பூலம் ஆகிய ஐந்தையும் 18 நிமிஷத்துக்கு ஒன்றாக முடித்துவிட்டு மீண்டும் உறங்கிவிடுகிறான் என்றும், அவன் உண்ணும்போதும் தாம்பூலம் தரிக்கும்போதும் பூமி பூஜை செய்வது உத்தமம் என்றும் நம்முடைய வழக்கு கூறுகிறது. இதைக் கணக்காக மட்டும் கொள்பவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். எனக்கோ இதனுள் உறையும் பாவனை மிகவும் உகந்ததாக இருக்கிறது: காலடியில் கிடக்கும் மண் வெறும் சரக்கன்று, அது உறங்கும் ஓர் உயிர், அதன் மேல் கடப்பாறையை ஓங்குமுன், அது உண்டு களித்து முகம் மலர்ந்திருக்கும் வேளை பார்த்து, தாழ்ந்து நின்று கேட்க வேண்டும். கேட்ட பின்னர் அந்த மண்ணை எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் நம்முடைய பிரார்த்தனை உண்மையா பொய்யா என்பது தெரியும்.

மனையடி சாஸ்திரத்தின் அடிக்கணக்கைப் பற்றி மாத்திரம் என் அபிப்பிராயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். உள்கூட்டு அளவு 10 அடி, 11 அடி, 16 அடி ஆகியவை ஆகும் என்றும், 12 அடியும் 14 அடியும் ஆகா என்றும் அது வகுத்திருப்பதால், பன்னிரண்டு அடியாக வரைந்த அறையைக் கடைசி நேரத்தில் பதினொன்றாகக் குறுக்குவது இப்பகுதியில் அன்றாடம் நடக்கிறது. குறைந்த அந்த ஓர் அடி, கட்டில் போட்ட பிறகு முதியவர் ஒருவர் நடு இரவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து செல்ல வேண்டிய வழியாக இருக்குமானால், அதைப் பறிப்பதில் எந்தப் பாக்கியம் சேரும்? மேற்கு வெயில் சித்திரை வைகாசியில் சுவரைச் சுட்டுப் பொசுக்கும் இந்த ஊர்களில், அடுப்பங்கரை எந்த மூலையில் வர வேண்டும் என்று மணிக்கணக்காக வாதிப்பவர்கள், அந்த அடுப்பங்கரையில் நாள் முழுவதும் நிற்கப் போகும் பெண்ணுக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று அவளையே ஒரு வார்த்தை கேட்பதில்லை. நம் முன்னோர் கட்டிய தொட்டிக்கட்டு வீட்டில், நடுவே வானம் தெரியும் முற்றமும், சுற்றிலும் ஆசாரமும், தெருவோடு பேசும் திண்ணையும் இருந்தன. வெக்கை ஏறி வெளியேறவும், மழை உள்ளே வந்து விழவும், வழிப்போக்கன் உட்காரவும் அங்கே இடம் இருந்தது. திண்ணையையும் முற்றத்தையும் விட்டுவிட்டு அடிக்கணக்கை மட்டும் காப்பாற்றுவது சாஸ்திரத்தைக் காப்பாற்றுவதாகாது.

தண்ணீர் விஷயமோ இன்னும் ஆழமானது. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர் தம்முடைய பிருகத் சம்ஹிதையில் மனை அமைப்பை விவரித்த கையோடு, நிலத்தடி நீரை அறியும் வகையைத் தனி அத்தியாயமாக வைத்து, எந்த மரத்தின் அருகில், எந்தப் புற்றின் பக்கத்தில் தோண்டினால் ஊற்று கிடைக்கும் என்று கூறுகிறார். வீட்டையும் நீரையும் அடுத்தடுத்து வைத்த அந்த வரிசை அர்த்தமுள்ளது. சேலம், நாமக்கல் வட்டாரத்து நிலம் மேலே சிறிதளவு மண்ணும் கீழே கெட்டிக் கருங்கல்லுமானது. பாறையின் வெடிப்புகளில் தங்கும் நீரே இங்கே ஊற்று. இந்தப் பாறையோடு போராடித்தான் போலும், திருச்செங்கோடு தேசமெங்கும் ரிக் வண்டிகளை அனுப்பும் ஊராயிற்று. உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்து, அது நிமிர்ந்து நிற்கும் இடத்தில் குறி போடுபவர், எங்கே தோண்டலாம் என்று சொல்லிவிடுகிறார். எத்தனை ஆழம் தோண்டலாம், எவ்வளவு எடுக்கலாம் என்பதைச் சொல்ல அவரால் முடியாது, அது அவருடைய வேலையும் அன்று. அது தர்மத்தின் கேள்வி. பாறையின் வெடிப்புக்கு சர்வே எண் தெரியாது. ஆயிரம் அடி இறக்கி நான் எடுக்கும் நீர், பக்கத்துத் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக ஊறிவந்த கிணற்றை வற்றச் செய்யுமானால், என் வீட்டு ஈசானிய மூலையில் தண்ணீர்த் தொட்டி அமைந்திருப்பதால் எனக்குப் புண்ணியம் வந்துவிடுமா?

கிருகஸ்தனுடைய வீட்டில் அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம் ஆகிய ஐந்தும் அவன் அறியாமலே உயிர்க்கொலை நிகழும் இடங்கள் என்றும், அந்தப் பாவம் தீர அவன் நாள்தோறும் ஐந்து வேள்விகளைச் செய்யக் கடமைப்பட்டவன் என்றும் தர்ம சாஸ்திரம் விதித்தது. வாழும் வீட்டுக்கே இவ்வளவு கடன் என்றால், எழுப்பும் வீட்டுக்கு எவ்வளவு கடன் இருக்க வேண்டும்! காவிரியில் அள்ளிய மணலும், மலையை உடைத்து அரைத்த எம் சாண்டும், சங்ககிரிச் சுண்ணாம்புக்கல்லை வேகவைத்து ஆக்கிய சிமெண்டும் சேர்ந்துதான் நம் சுவர் நிற்கிறது. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது, பலர் அதை அனுமதிக்காகக் காட்ட வேண்டிய ஒரு குழாயாகவே கருதினார்கள். மாடியில் விழும் மழையை மீண்டும் அந்த மண்ணுக்கே வார்ப்பது, நம் காலத்துக் கிருகஸ்தன் செய்யக்கூடிய ஆறாவது வேள்வி என்பது என் துணிபு. வரைபடத்தில் பூஜை அறைக்கு இடம் குறிக்கும் அதே சிரத்தையோடு அந்தக் குழிக்கும் இடம் குறிக்க வேண்டும்.

இத்தனையும் செய்தால் வீடு நிலைக்குமா என்று கேட்பவர்கள், ஒரு கடும் கோடையில் மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கரைக்குப் போய்வர வேண்டும். 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த அந்த அணையின் நீர்ப்பரப்புக்காகக் காவிரிக் கரையில் இருந்த ஊர்கள் காலி செய்யப்பட்டன. நீர்மட்டம் வெகுவாகத் தாழும்போது பண்ணவாடிப் பக்கத்தில் ஜலகண்டேஸ்வரர் ஆலயத்து நந்தியும், பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தோன்றுகின்றன. அந்த ஊர்களில் வீடு கட்டியவர்கள் நாளும் கோளும் பாராதவர்களாகவா இருந்திருப்பார்கள்? நந்தியை நிறுவியவர்களும் கோபுரத்தை எழுப்பியவர்களும் தத்தம் தெய்வத்தின் முன்னே முழங்காலிட்டு வணங்கியவர்களே. அவர்களுடைய பிரார்த்தனையில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது. தஞ்சைத் தரணியின் வயல்களுக்கு நீர் வேண்டியிருந்தது. அவர்களுடைய வாசலும் முற்றமும் அதற்கு விலையாயின. ஆகவே சாஸ்திரத்தை வீட்டுக்கான காப்புறுதிப் பத்திரம் என்று எண்ணுவது, அதன் மேல் நாம் சுமத்தும் அநியாயம். அது வீட்டைக் காப்பதற்காக வந்ததன்று; கட்டுகிறவனுடைய மனத்தைச் செம்மை செய்வதற்காக வந்தது. நிலையாத பொருளை நிலையாதது என்று அறிந்துகொண்டே முழுச் சிரத்தையோடு செய்வது கடினமான சாதனை. துறவிக்கு அநித்தியம் என்ற அறிவு விலகிச் செல்லத் துணை செய்கிறது. கிருகஸ்தனோ அதே அறிவை நெஞ்சில் வைத்துக்கொண்டு கடகாலுக்கு அளவு போட வேண்டும்.

நாமக்கல்லில் வரைபடத்தின் மூலைகளில் மஞ்சள் தடவி எடுத்துக்கொண்டு ஆஞ்சநேயர் திருவடியில் வைத்து வாங்கிச் செல்பவர்கள் இருக்கிறார்கள். எட்டாம் நூற்றாண்டில் அதியர் மரபினர் காலத்தில் குடையப்பட்ட பாறைக் கோயிலில் நரசிம்மர் வீற்றிருக்க, அவரை நோக்கிக் கைகூப்பியபடி, 18 அடி உயரத்தில், மேலே கூரையின்றி வெயிலிலும் மழையிலும் நிற்கிறார் அந்த மூர்த்தி. தனக்கு ஒரு கூரை வேண்டாதவரிடம் நாம் கூரை கேட்கிறோம், அவரும் வழங்குகிறார். கேட்கும்போது எவ்வளவு கேட்பது என்ற கூச்சமாவது நமக்கு வர வேண்டாமா? 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கிய ராஜாஜி, சேலத்தில் பெருவருவாய் ஈட்டிய வழக்கறிஞர். அவர் தம் மக்களோடு அங்கே எளிய குடியிருப்பில் வந்து தங்கினார். எல்லோரும் அப்படி வாழ வேண்டும் என்று நான் கூறவில்லை. ஆனால் நால்வர் வாழும் குடும்பத்துக்கு, வராத விருந்தினரை நினைத்து மேல்மாடியில் பூட்டிக் கிடக்கப் போகும் அறைகளை, பதினைந்து இருபது ஆண்டுக் கடனில் கட்டுவது, தவணை நாள்தோறும் நெஞ்சில் ஏறி உட்காரும் ஒரு புதிய கிரகத்தை நாமே ஆவாகனம் செய்துகொள்வதுதான்.

கிரகப் பிரவேசத்துக்கு முந்தைய இரவில் தச்சு கழிப்பது நம் நாட்டு வழக்கம். மரமும் கல்லும் மண்ணும், அவற்றில் வாழ்ந்த சிற்றுயிர்களும் இந்த வீட்டுக்காகப் பட்ட வேதனைக்குப் பரிகாரம் அது என்று பெரியோர் விளக்குவர். வாசல் நிலவு வைக்கும்போது ஆசாரிக்கும் மேஸ்திரிக்கும் வேட்டி துண்டு வைத்துக் கொடுப்பதும் உண்டு. ஆனால் தளம் போடும் நாளில் பொழுது விடிந்ததிலிருந்து இருட்டும் வரை பாண்டு பாண்டாகக் காங்கிரீட்டைத் தலையில் சுமந்து ஏறிய சித்தாள் பெண்கள், பால் காய்ச்சும் காலையில் அந்த வாசலில் பெரும்பாலும் காணப்படுவதில்லை. அன்று அவர்கள் வேறொருவருடைய கடகாலில் நின்று கொண்டிருப்பார்கள். அவர்களையும் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்து, அன்றைய கூலிக்கு நஷ்டம் வராமல் கொடுத்து, குழந்தைகளோடு முதற்பந்தியில் உட்கார வைப்பதற்கு ஆகும் செலவை, கம்பிக்கும் சிமெண்டுக்கும் தொகை ஒதுக்கும் அதே நோட்டில், அதே நாளில் எழுதிக்கொள்ள வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு மிஞ்சுவதில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், வீடு கட்டியவன் கையில் அந்த நாளில் மிஞ்சுவது ஒன்றும் இராது.