யார் தசையில் யார் புண் ஆறுவது?

காளத்தி மலையில் சிவலிங்கத்தின் கண்ணில் குருதி வழிந்தபோது வேடர் திண்ணனார் மருந்தாக முதலில் தேடியது பச்சிலையைத்தான். பிழிந்து விட்டும் குருதி நிற்கவில்லை. தசைக்குத் தசையே மருந்து என்ற பழைய சொல் அப்போது அவர் நினைவுக்கு வந்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. நாள்தோறும் இறைச்சி படைத்த அந்த வேடர், மருந்தாகக் கொடுத்தது தன் கண்ணை.

இன்றைய காயக்கட்டு ஆய்விலும் பச்சிலையும் தசையும் சேர்ந்தே வருகின்றன. மஞ்சளிலுள்ள குர்குமின் வீக்கத்தைத் தணிக்கும். ஆனால் அது நீரில் எளிதில் கரையாது. புண்ணில் தங்கி மெல்லக் கசிய ஒரு படலம் வேண்டும். மாட்டுத் தோல் அல்லது பன்றித் தோலின் கொலாஜன், இறால் ஓட்டின் கைட்டோசான், பட்டுக்கூட்டின் ஃபைப்ராயின் எல்லாம் அதற்குப் பயன்படுகின்றன. சென்னை அடையாறிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் கொலாஜனை நெடுங்காலமாக ஆய்ந்து வருகிறது. மூன்று புரி முறுக்கிய கயிறு போன்ற அதன் அமைப்பு மாட்டுக்கும் மனிதனுக்கும் ஏறக்குறைய ஒன்றே. மனித செல்கள் அதைப் பற்றிக்கொண்டு புதுத் தசையை வளர்க்கின்றன. படலம் மெல்லக் கரைந்துவிடுகிறது.

உடல் ஏற்றுக்கொள்கிறது. மனம்?

மாட்டை வணங்குபவர், பன்றியை விலக்குபவர், கொல்லாமையை நோன்பாகக் கொண்ட சமணர் ஆகியோரின் புண்ணில் இவற்றை வைக்கலாமா? வேறு வழியின்றி உயிர் ஊசலாடும்போது விலக்கப்பட்டதும் ஆகும் என்கிறது இஸ்லாமியச் சட்ட மரபு. சர்க்கரை நோயாளியின் நாள்பட்ட கால்புண் அப்படிப்பட்ட நெருக்கடி அல்ல. பல புண்களுக்குக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் கட்டு போன்ற மாற்று உண்டு. அப்படியிருக்க, கட்டு எந்த உயிரிலிருந்து வந்தது என்று நோயாளியிடம் சொல்லாமல் ஒட்டுவது சிகிச்சையானாலும் அநீதிதான்.

இவை எப்படியும் கழிவுதானே என்ற வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. பிரேசிலின் ஃபோர்ட்டலேசாவில் தீக்காயத்துக்குப் போர்த்திய திலாப்பியா மீன்தோல், இல்லையென்றால் குப்பைக்குப் போயிருக்கும். பட்டு அப்படியல்ல, கூட்டுப்புழு பெரும்பாலும் உயிரோடு அவிக்கப்படுகிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

எந்த உயிரையும் கொல்லாத தசைமருந்தும் இருக்கிறது: மனிதத் தோல். இறந்த 6 மணி நேரத்துக்குள் தொடை, கால், முதுகிலிருந்து மெல்லிய மேல்படலத்தை மட்டும் எடுக்கிறார்கள். ரத்த வகை பொருந்த வேண்டியதில்லை. தோல் வங்கியில் பதப்படுத்தி வைத்து, தீயில் வெந்தவர்களுக்குப் போர்த்துகிறார்கள். கண்தானத்துக்குக் கையெழுத்திட்டவர்கள் தோல்தானம் பற்றியும் வீட்டாரிடம் இன்றே சொல்லி வையுங்கள்.