அடி வாங்குவது தவம், அடி கொடுப்பது?

வங்கியிலோ காப்பீட்டு நிறுவனத்திலோ மேசை வேலை பார்க்கும் ஒருவர். வாழ்நாளில் யார் மீதும் கை ஓங்கியதில்லை. 8 வாரம் இலவசப் பயிற்சி எடுத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை இரவு குத்துச்சண்டை மேடையில் ஏறுகிறார். தலைக்கவசம், 16 அவுன்ஸ் கையுறை, 2 நிமிடச் சுற்றுகள் மூன்று. கீழே உட்கார்ந்து கூச்சல் போடுபவர்கள் அலுவலக நண்பர்களும் மச்சான்களும். டிக்கெட் விற்பதும் நன்கொடை கேட்பதும் சண்டை போடுகிறவர் பொறுப்பு. சேர்ந்த பணம் புற்றுநோய் ஆராய்ச்சி போன்ற நற்பணிகளுக்குப் போகிறது. 1980களில் நியூயார்க்கின் கிளீசன்ஸ் ஜிம்மில் பொழுதுபோக்காக வேர்விட்ட இந்த 'ஒயிட் காலர் பாக்ஸிங்', இன்று இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் நடக்கும் தருமக் காரியம்.

மதுரைக்காரருக்கு இதில் பாதி பழகிய சங்கதிதான். கையில் காசிருந்தும் மஞ்சள் துணி கட்டி, வீடு வீடாக மடிப்பிச்சை எடுத்து, அந்தக் காசைக் காணிக்கையாகச் செலுத்துபவர்கள் இங்கே உண்டு. அலகு குத்துபவர்கள், அக்கினிச்சட்டி எடுப்பவர்கள், பூக்குழி இறங்குபவர்கள் உண்டு. உடம்பு நோகாமல் கொடுத்தது சாமிக்குச் சேராது என்ற எண்ணம் இந்த மண்ணில் ஆழமானது. ஆனால் அலகு குத்திக்கொள்பவர் பக்கத்தில் வருபவரின் கன்னத்தில் குத்துவதில்லை. இடிப்பது அந்த மறுபாதிதான்.

திருக்குறள் தவத்துக்கு இரண்டு இலக்கணம் சொல்கிறது: தனக்கு வந்த துன்பத்தைப் பொறுத்துக்கொள்வது, பிற உயிருக்குத் துன்பம் செய்யாதிருப்பது. இரண்டும் சேர்ந்தால்தான் தவம். தருமக் குத்துச்சண்டை முதல் பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்குகிறது. இரண்டாவதில்?

மதுரையின் பழங்கதைகளையே சாட்சிக்கு அழைக்கலாம். வைகை உடைத்துக்கொண்டபோது, கரையில் தன் பங்கை அடைக்க ஆளில்லாமல் தவித்த வந்திக் கிழவிக்கு, உதிர்ந்த பிட்டே கூலி என்று பேசிக்கொண்டு சொக்கநாதரே கூலியாளாக வந்தார். வேலையை ஒழுங்காகப் பார்க்கவில்லை. பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன் முதுகிலும், அரசி முதுகிலும், எல்லா உயிர்களின் மேலும் விழுந்தது என்கிறது திருவிளையாடல். ஆவணி மூலத் திருநாளில் புட்டுத்தோப்பில் இன்றும் இது நடத்திக் காட்டப்படுகிறது. அடுத்தவருக்காக அடி வாங்கிய கடவுள் திருப்பி அடிக்கவில்லை. மூர்த்தி நாயனாரும் இதே ஊர்தான். சந்தனக்கட்டை கிடைக்காதபடி மன்னன் தடுத்தபோது, எலும்பு தேயத் தன் முழங்கையைக் கல்லில் அரைத்தார். தேய்ந்தது அவர் கை மட்டும்.

எதிர்ச்சாட்சியும் உண்டு. கிழவாத்தியார் வேடத்தில் வந்து, வாள்வித்தை கற்ற சித்தனை அங்கம் அங்கமாக வெட்டியவரும் அதே சொக்கநாதர்தான். ஆனால் அது குருபத்தினியிடம் தகாத முறையில் நடந்த மாணவனுக்குக் கிடைத்த தண்டனை. அதைத் தானக்கணக்கில் எவரும் எழுதியதில்லை.

"இருவரும் சம்மதித்துத்தானே ஏறுகிறார்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சம்மதமும் விதியும் நடுவரும் இருந்தால் குத்து வன்முறை ஆகாது, விளையாட்டாகிவிடும். வடசென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரைகளில் ஆண்டுக்கணக்காகப் பழகிய ஒருவருக்கு இது முழுக்கப் பொருந்தும். விலகவும் தடுக்கவும் அவருக்குத் தெரியும். ஆனால் 8 வாரத்தில் அடிக்கக் கற்றுக்கொள்ளலாம், தப்பிக்கக் கற்றுக்கொள்ள முடியாது. 2022 ஏப்ரலில் இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் நடந்த இப்படியொரு தருமப் போட்டியில் அடிபட்ட இளைஞர் இறந்தே போனார். எதிரே நின்றவரும் நல்ல காரியத்துக்காகத்தான் வந்திருந்தார்.

அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸின் கதை இதிலிருந்து வேறுபட்டது. 1942 ஜனவரியில் பட்டி பேர் என்பவரை முதல் சுற்றிலேயே வீழ்த்திய அந்த உலக சாம்பியன், தன் பங்குப் பணத்தைக் கடற்படை நிவாரண நிதிக்குக் கொடுத்தார். கறுப்பினத்தவரைச் சமையல், பரிமாறும் வேலைகளிலேயே பெரும்பாலும் ஒதுக்கி வைத்திருந்த கடற்படை அது! மார்ச்சில் ஏப் சைமனோடு மோதிக் கிடைத்ததை ராணுவ நிவாரணத்துக்குக் கொடுத்தார். போர் முடிந்த பின், கொடுத்துவிட்ட அந்தப் பணத்தையும் வருமானமாகக் கணக்கிட்டு வரித்துறை அவரைத் துரத்தியது. லூயிஸுக்குக் குத்துச்சண்டை தொழில். அவர் கொடுத்தது தன் கூலியை. அறம் அந்தக் கொடையில் இருந்தது, குத்தில் இல்லை.

மேசை ஊழியர் நிலைமை தலைகீழ். அவர் உழைப்பின் கூலி மாதச் சம்பளமாக ஏற்கெனவே வந்துவிட்டது. நண்பர்கள் காசு கொடுப்பது அவர் மூக்குடைவதைப் பார்க்க. நோயாளிக்கு உதவ மனமுள்ளவருக்கு இந்த வேடிக்கை எதற்கு? குறை மேடையில் நிற்பவரிடம் இல்லை. காட்சி இல்லாமல் பை அவிழ்க்காத கூட்டத்திடம்தான்.

மதுரையிலேயே ஒரு வங்கி ஊழியர் இருக்கிறார். கனரா வங்கியில் பணிபுரியும் ஆயி பூரணம் அம்மாள், இறந்துபோன மகள் ஜனனியின் நினைவாக, கொடிக்குளம் அரசுப் பள்ளிக்கு 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தைப் பதிவு செய்து கொடுத்தார். மதிப்பு 7 கோடி ரூபாய் இருக்கும் என்றார்கள். செய்தி 2024 ஜனவரியில் வெளிவந்த பிறகுதான் ஊரே அவரைத் திரும்பிப் பார்த்தது. அந்தக் குடியரசு நாளில் முதலமைச்சர் விருது கொடுத்தார்.

எல்லோரிடமும் நிலம் இருக்காது. உடம்பைத்தான் கொடுக்க வேண்டும் என்று துடிப்பவர், குறள் சொன்ன இரண்டு இலக்கணத்துக்கும் பொருந்த, மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் இரத்த வங்கிக்குப் போகலாம். வயது 18 முதல் 65 வரை, எடை குறைந்தது 45 கிலோ இருந்தால் 350 மில்லி எடுத்துக்கொள்வார்கள். ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம்.